எதிராளி ஊருக்குப் போய்ச் சொல்ல வேண்டிய வாக்கியம்

கேள்வி இதுதான்: “நாடுகளுக்கு இடையிலான பேச்சுவார்த்தைகளில் உணர்ச்சிகளுக்கும், எதிராளியின் மனநிலையை உணர்ந்துகொள்வதற்கும் உண்மையிலேயே ஏதாவது வேலை இருக்கிறதா? கடைசியில் எல்லாவற்றையும் படைபலமும் பணபலமும்தானே தீர்மானிக்கின்றன?”

பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். எகிப்து 1973-இல் போர் தொடுத்திராவிட்டால், சீனாய் தீபகற்பத்தைத் திருப்பிக் கொடுப்பது பற்றி இஸ்ரேல் பேசவே வந்திருக்காது. ஆனால் பலத்தின் வேலை ஆளை மேசைக்கு இழுத்துவருவதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அங்கே உட்கார்ந்தவர் எதற்குத் தலையாட்டுவார், எதைக் கேட்டதும் எழுந்து போய்விடுவார் என்பது வேறு கணக்கு. நகை, பணம் எல்லாம் ஒத்துவந்த பிறகும் “எங்கள் பெரியவரை ஒரு வார்த்தை கேட்கவில்லையே” என்று முறிந்துபோன சம்பந்தங்கள் நம் எல்லோர் குடும்பத்திலும் உண்டு. அரசுகள் அப்படி நடந்துகொள்வதில்லை, அவை நலன்களை மட்டுமே பார்க்கும் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அரசின் பெயரால் வந்து உட்கார்ந்திருப்பவர் தூக்கமில்லாத, வயதான, ஊரில் எதிரிகள் உள்ள ஒரு மனிதர் என்பதை அந்தப் புத்தகங்கள் வேகமாகத் தாண்டிப் போய்விடுகின்றன.

ஒத்துணர்வு என்றால் எதிராளியிடம் கனிவாக இருப்பது என்று எடுத்துக்கொண்டால் இந்த விஷயம் பிடிபடாது. ராஜதந்திரத்தில் அது மிகக் கறாரான ஒரு கேள்விக்கு விடை தேடும் வேலை: இவர் நாளை தன் ஊருக்குத் திரும்பிப் போய், தன்னைக் கவிழ்க்கக் காத்திருப்பவர்கள் முன்னால் நின்று, எந்த வாக்கியத்தைச் சொன்னால் பிழைப்பார்? அந்த வாக்கியத்தைக் கண்டுபிடித்து, நமக்கு நட்டமில்லாமல் அவர் கையில் கொடுக்க முடிந்தால் ஒப்பந்தம் உண்டு. முடியாவிட்டால், விலை எவ்வளவு நியாயமாக இருந்தாலும் இல்லை.

1962 அக்டோபரில் இதை மிகத் தெளிவாகச் செய்தவர் லெவெலின் தாம்ப்சன். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்து, உலகம் அணு ஆயுதப் போரின் விளிம்பில் நின்ற நாட்கள். தாம்ப்சன் அதற்குச் சில மாதங்கள் முன்புவரை மாஸ்கோவில் அமெரிக்கத் தூதராக இருந்தவர். சோவியத் தலைவர் குருஷேவின் குடும்பத்தோடு பழகியவர். அக்டோபர் 26-ஆம் தேதி குருஷேவிடமிருந்து நீண்ட, பதற்றமான கடிதம் ஒன்று வந்தது: கியூபாவின்மீது படையெடுக்க மாட்டோம் என்று அமெரிக்கா உறுதி தந்தால் தீர்வுக்கு வழியிருக்கிறது என்பது அதன் சாரம். மறுநாளே இறுக்கமான தொனியில் இரண்டாவது செய்தி. இப்போது துருக்கியிலுள்ள அமெரிக்க ஏவுகணைகளையும் அகற்ற வேண்டும் என்றது. பேசி மட்டும் கியூபாவிலுள்ள ஏவுகணைகளை வெளியே கொண்டுவர முடியாது என்று அமெரிக்க அதிபர் கென்னடி தன் ஆலோசகர்களிடம் சோர்ந்து பேசுகிறார். அந்த அறையில் பதிவான ஒலிநாடாக்களில் தாம்ப்சன் அதிபரை நேருக்கு நேர் மறுப்பது கேட்கிறது. குருஷேவுக்கு முக்கியமானது “நான் கியூபாவைக் காப்பாற்றினேன், படையெடுப்பைத் தடுத்தேன்” என்று சொல்ல முடிவதுதான் என்கிறார் அவர்.

தாம்ப்சனுக்குக் குருஷேவின்மீது பாசம் ஒன்றும் பொங்கவில்லை. அதே நாட்களில் அவர் சோவியத்திடம் கடுமையாக இருக்க வேண்டும் என்ற பக்கத்தில்தான் பெரும்பாலும் நின்றார். துருக்கி ஏவுகணைகளைப் பண்டமாற்றாகக் கொடுப்பதை எதிர்த்தார். அவரிடம் இருந்தது அந்த மனிதரைப் பற்றிய நுட்பமான அறிவு. மூர்க்கமாகப் பேசுபவர், ஆனால் பின்வாங்க ஒரு கதவு தேடுகிறார் என்பதை முதல் கடிதத்தின் பதற்றத்திலிருந்தே படித்துவிட்டார். அங்கே உணர்ச்சி என்பது தகவல். பதற்றத்தைப் பலவீனம் என்று படித்திருந்தால் குண்டு போட்டிருப்பார்கள். பதற்றத்தைப் பயம் என்று படித்ததால் கதவைத் திறந்தார்கள்.

கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவும் இருந்தது. 27-ஆம் தேதி இரவு அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் தொப்ரீனினைச் சந்தித்து, துருக்கியிலுள்ள ஏவுகணைகள் சில மாதங்களில் அகற்றப்படும், ஆனால் அதை வெளியே சொல்லக் கூடாது என்றார். 1963 ஏப்ரலில் அவை அகற்றப்பட்டன. ஒப்பந்தத்தின் இந்தப் பகுதி பல ஆண்டுகள் மூடி மறைக்கப்பட்டதால் ஒரு பெருந்தீங்கு நேர்ந்தது என்பது என் கருத்து. “நேருக்கு நேர் முறைத்தோம், அவர்கள் கண்ணை இமைத்தார்கள்” என்ற கதைதான் ஒரு தலைமுறை அமெரிக்க அரசியல்வாதிகளின் காதில் விழுந்தது. எதிராளியின் முகத்தைக் காப்பாற்றிக் கொடுத்ததால் கிடைத்த தீர்வு, முறைப்பால் கிடைத்த வெற்றியாகப் பதிவாகிவிட்டது. ஒத்துணர்வு வேலை செய்த இடங்களில் அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் போவது இப்படித்தான்.

இனி கேம்ப் டேவிட். உணர்ச்சி, பேச்சுவார்த்தை என்றாலே எல்லோரும் இங்கே வந்து நிற்பார்கள், நானும்தான். ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் கதையில் பாதிதான் உண்மை.

1978 செப்டம்பர் 5 முதல் 17 வரை, மேரிலாந்து மலைப்பகுதியிலுள்ள கேம்ப் டேவிட் ஓய்வில்லத்தில் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், எகிப்திய அதிபர் அன்வர் சதாத், இஸ்ரேல் பிரதமர் மெனாகம் பெகின் மூவரும் அடைபட்டிருந்தார்கள். பெகினின் பெற்றோரும் அண்ணனும் நாஜிகளால் கொல்லப்பட்டவர்கள். சதாத்தின் தம்பி ஒருவர் விமானப்படை வீரர். 1973 போரில் இஸ்ரேலியர்களை எதிர்த்துப் பறந்து இறந்தவர். சதாத் அதற்கு முந்தைய நவம்பரில் ஜெருசலேமுக்கே போய், இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் நின்று, நமக்கிடையே உள்ள சிக்கலில் 70 சதவீதம் மனத்தடைதான் என்று பேசியிருந்தார். மீதி 30 சதவீதம் எவ்வளவு கடினமானது என்பது கேம்ப் டேவிட்டில் தெரிந்தது.

கார்ட்டர் கிறித்தவ நம்பிக்கை மிகுந்தவர். இரண்டு நல்ல மனிதர்களை ஒரே அறையில் உட்காரவைத்தால் ஒருவரையொருவர் புரிந்துகொள்வார்கள் என்று எண்ணினார். மூன்று நாட்கள் உட்காரவைத்தார். கூச்சலைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. அதன் பிறகு அவர் செய்ததுதான் அவருடைய மேதைமை என்பேன்: இருவரையும் பிரித்துவிட்டார். கெட்டிஸ்பர்க் போர்க்களத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனதைத் தவிர, மீதி நாட்களில் சதாத்தும் பெகினும் பேரம் பேசச் சந்திக்கவே இல்லை. அமெரிக்கர்கள் ஒரே வரைவை எழுதி, ஒருவரிடம் காட்டி, திருத்தி, மற்றவரிடம் காட்டி, மீண்டும் திருத்தி, இருபதுக்கும் மேற்பட்ட முறை எழுதினார்கள். முகத்துக்கு முகம் பார்த்தால் மனம் இளகும் என்ற நம்பிக்கை எவ்வளவு பரவலானதோ அவ்வளவு ஆபத்தானது. சிலர் பார்க்கும்போது காயம்தான் கிளறப்படுகிறது. இவர்கள் அந்த வகை.

கார்ட்டர் வருவதற்கு முன்பே சி.ஐ.ஏ.விடம் கேட்டு இருவரின் ஆளுமைக் குறிப்புகளையும் வாங்கிப் படித்திருந்தார். சதாத்துக்கு வரலாற்றில் தன் இடம் பெரிது. சொற்களைப் பற்றிக் கவலை குறைவு. பெகின் வழக்கறிஞர் மூளை. ஒவ்வொரு சொல்லும் அவருக்கு எல்லைக்கோடு. எனவே சதாத்தோடு பெரிய படத்தைப் பேசினார். பெகினின் பக்கத்தில், தலைவரை விட்டுவிட்டு, சட்ட அறிஞர் அஹரோன் பராக்கோடு மணிக்கணக்கில் சொற்களைத் திருத்தினார்.

பதினோராவது நாள், வெள்ளிக்கிழமை, சதாத் பெட்டியைக் கட்டிவிட்டார். ஹெலிகாப்டர் கேட்டார். கார்ட்டர் அவருடைய குடிலுக்குப் போய், இப்போது கிளம்பினால் நம் இரு நாட்டு உறவும் கெடும், நம் நட்பும் முடியும் என்று கடுமையாகவே சொன்னார். இதோடு நிறுத்திவிட்டுப் பலர் இதை நட்பின் வெற்றி என்று எழுதுகிறார்கள். ஆனால் சதாத்தின் கோபத்துக்குள் ஒரு குறிப்பிட்ட பயம் இருந்தது. இஸ்ரேலியர்கள் கையெழுத்திட மாட்டார்கள். நான் மட்டும் அமெரிக்காவிடம் விட்டுக்கொடுத்துவிட்டுப் போனால், அடுத்த பேச்சுவார்த்தையில் அந்த விட்டுக்கொடுப்பிலிருந்தே அவர்கள் தொடங்குவார்கள் என்பதே அது. கார்ட்டர் அதைப் பிடித்துக்கொண்டார். எந்தத் தரப்பாவது ஒரு பகுதியை நிராகரித்தால் எதுவுமே செல்லாது, இங்கே சொன்னவை யாரையும் கட்டுப்படுத்தாது என்று உறுதி கொடுத்தார். சதாத் தங்கினார். நட்பு கதவைத் தட்ட உதவியது. உள்ளே விட்டது இந்த உறுதி.

பெகினின் முடிச்சு சீனாயிலிருந்த யூதக் குடியேற்றங்கள். அவற்றைக் கலைக்க மாட்டேன் என்று அவர் வெளிப்படையாகச் சபதம் செய்திருந்தார். சதாத் ஓர் அங்குலம் விடமாட்டார். இங்கேதான் அந்த வாக்கியம் தேவைப்பட்டது. “நான் கலைத்தேன்” என்று பெகினால் சொல்ல முடியாது. “நாடாளுமன்றம் முடிவெடுத்தது, கட்சிக் கட்டுப்பாடு விதிக்காமல் உறுப்பினர்களை மனச்சாட்சிப்படி வாக்களிக்க விட்டேன்” என்று சொல்ல முடியும். அப்படியே செய்தார்கள். குடியேற்றங்களின் காவலராக அறியப்பட்ட ஏரியல் ஷரோனே தொலைபேசியில் தனக்கு ஆட்சேபமில்லை என்று சொன்னது பெகினின் மனச்சுமையை இறக்கியது. அந்த மாதக் கடைசியில் இஸ்ரேல் நாடாளுமன்றம் 84-க்கு 19 என்று ஒப்புதல் அளித்தது.

கடைசி நாள், ஜெருசலேம் பற்றிய ஓர் இணைப்புக் கடிதத்தால் எல்லாம் உடையும் நிலை. கிழக்கு ஜெருசலேம் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி என்ற அமெரிக்க நிலைப்பாட்டை அந்தக் கடிதம் மீண்டும் எழுதியிருந்தது, பெகின் கொதித்துவிட்டார். அன்று பெகின் தன் பேரப்பிள்ளைகளுக்காகக் கார்ட்டர் கையெழுத்திட்ட புகைப்படங்கள் கேட்டிருந்தார். கார்ட்டரின் செயலாளர் எட்டுப் பேரப்பிள்ளைகளின் பெயரையும் கேட்டு வாங்கிவைத்தார். ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பெயரை எழுதி, கார்ட்டரே எடுத்துக்கொண்டு பெகினின் குடிலுக்குப் போனார். பெகின் ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார், உதடு துடித்தது, கண் கலங்கியது. கார்ட்டர் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இந்தக் காட்சி இருக்கிறது. பேச்சுவார்த்தைப் பயிற்சி வகுப்புகளில் இதைச் சொல்லாத ஆசிரியர் அரிது.

அவர்கள் சொல்லாமல் விடுவது அடுத்த வரியை. கண் கலங்கிய பிறகும் பெகின் அந்தக் கடிதத்தை ஏற்க முடியாது என்றுதான் சொன்னார். கார்ட்டர் தயாராக வைத்திருந்த புதிய வரைவைக் கொடுத்துவிட்டு வந்தார். அதில் அமெரிக்க நிலைப்பாடு என்ன என்று எழுதவில்லை, 1967-இல் ஐ.நா. பொதுச்சபையில் தூதர் கோல்ட்பர்க்கும், 1969-இல் பாதுகாப்பு அவையில் தூதர் யோஸ்ட்டும் சொன்னதே எங்கள் நிலைப்பாடு என்று மட்டும் இருந்தது. பொருள் ஒன்றுதான். அந்தச் சொற்கள் மட்டும் தாளில் இல்லை. சற்று நேரத்தில் ஏற்றுக்கொள்வதாகப் பெகின் தொலைபேசியில் சொன்னார். புகைப்படங்கள் அவரைக் கடிதத்தைப் படிக்கவைத்தன. சம்மதிக்கவைத்தது கடிதம்.

இந்த வேறுபாட்டுக்கு ஆய்வகச் சான்றும் இருக்கிறது. உளவியல் ஆய்வாளர் ஆடம் கலின்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பேரம் பேசுபவர்களில் ஒரு சாராரை எதிராளி என்ன நினைக்கிறார் என்று யோசிக்கவும், இன்னொரு சாராரை எதிராளி என்ன உணர்கிறார் என்று ஒன்றிப்போகவும் சொன்னார்கள். விற்பனை விலையில் ஒத்துவராத, வேறு ஏற்பாட்டால் மட்டுமே முடியக்கூடிய பேரம் அது. மறைந்திருந்த தீர்வைக் கண்டுபிடிப்பதில் முதல் சாரார் முந்தினார்கள். மாணவர்களின் பேரத்தை நாடுகளின் பேரத்தோடு ஒப்பிடுவதில் எனக்கு எப்போதும் தயக்கம் உண்டு. ஆனால் தாம்ப்சனையும் கார்ட்டரையும் பார்த்த கண்ணுக்கு இந்த முடிவு ஆச்சரியம் தரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஒத்துணர்வு மென்மையானவர்களின் சொத்து என்ற எண்ணம் தவறு. 1983 நவம்பரில் நேட்டோ ‘ஏபிள் ஆர்ச்சர்’ என்ற ஒத்திகையை நடத்தியது. அணு ஆயுதத் தாக்குதல் உத்தரவை எப்படிப் பிறப்பிப்பது என்பதற்கான பயிற்சி. இது ஒத்திகையாகவே இருக்குமா என்று சோவியத் தரப்பில் சிலர் அஞ்சினார்கள். அந்த மாதமே அமெரிக்க அதிபர் ரீகன் தன் நாட்குறிப்பில், சோவியத்துகள் தாக்கப்படுவோமோ என்ற பயத்தில் ஊறியிருக்கிறார்கள், அவர்களிடம் சற்றும் இளகாமலேயே, இங்கே யாருக்கும் அப்படி ஓர் எண்ணமில்லை என்று சொல்லியாக வேண்டும் என்று எழுதினார். சோவியத்தைத் தீய பேரரசு என்று அதே ஆண்டில் அழைத்தவர் இவர். எதிராளிக்கும் பயம் இருக்கும் என்பது அவருக்கு உண்மையிலேயே புதிய செய்தியாக இருந்தது. 1984 ஜனவரி உரையில் தொனி மாறியது. சோவியத் தலைவராகக் கோர்பச்சேவ் வந்த பிறகு 1987 டிசம்பரில் நடுத்தர தூர ஏவுகணைகளை ஒழிக்கும் ஒப்பந்தம் வந்தது. இளகாமலேயே என்ற அந்த ஒரு சொல்லுக்காக எனக்கு அந்த நாட்குறிப்பு பிடிக்கும்.

கோபத்தைக் கருவியாகப் பயன்படுத்தலாமா என்றும் கேட்பார்கள். பேரத்தில் கோபத்தைக் காட்டினால் எதிராளி சற்று விட்டுக்கொடுக்கிறார் என்று ஆய்வுகள் உண்டு. நாடுகளுக்கிடையே போலிக் கோபம் சீக்கிரம் சாயம் போகிறது. அமெரிக்க அதிபர் நிக்சன் 1969 அக்டோபரில், தான் எதையும் செய்யத் துணிந்தவன் என்று மாஸ்கோவை நம்பவைத்து வியட்நாமில் காரியம் சாதிக்க, அணு ஆயுதப் படைகளை ரகசியமாக உஷார் நிலைக்குக் கொண்டுவந்தார். மாஸ்கோ அசையவில்லை.

இனி எதிர்ப்பக்கம். ஒத்துணர்வால் ஏமாந்து போவோமா? போகலாம், எப்படி என்பதற்கு 1971 போருக்குப் பின் இந்தியாவும் பாகிஸ்தானும் செய்துகொண்ட சிம்லா ஒப்பந்தம் நமக்குத் தெரிந்த உதாரணம். 1972 ஜூலையில் இந்தியாவின் கையில் ஏறத்தாழ 93,000 போர்க்கைதிகளும், பிடித்த நிலமும் இருந்தன. பூட்டோ தோற்ற நாடான பாகிஸ்தானின் புதிய தலைவர். காஷ்மீரில் எல்லையை இறுதி என்று எழுதிக் கையெழுத்திட்டால் ராணுவம் தன்னை விழுங்கிவிடும் என்றார். இந்திராவின் ஆலோசகர் பி.என். ஹக்சர், முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியை அவமானப்படுத்திய வெர்சாய் உடன்படிக்கை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நினைவில் வைத்திருந்தவர். தோற்றவனை மூலையில் தள்ளக் கூடாது என்ற அந்த எண்ணம் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கட்டுப்பாட்டுக் கோட்டைக் காலப்போக்கில் எல்லையாக்குவது பற்றி பூட்டோ வாய்மொழியாக ஒப்புக்கொண்டார் என்று இந்தியத் தரப்பில் பின்னால் சொன்னார்கள். பாகிஸ்தான் தரப்பில் மறுத்தார்கள். தாளில் இல்லை. எதிராளியால் வெளியே சொல்ல முடியாததை மதித்தது சரி. உள்ளுக்குள்ளேயும் எழுதி வாங்காமல் விட்டதுதான் கோளாறு. கியூபாவிலும் ரகசிய வாக்குறுதி வாய்மொழியாகத்தான் தரப்பட்டது. ஆனால் அங்கே நிறைவேறியதா என்பதைச் சில மாதங்களில் கண்ணால் பார்த்துவிட முடிந்தது. சிம்லாவில் அப்படிப் பார்த்துக்கொள்ளும் வழியும் இல்லை, தேதியும் இல்லை.

கேம்ப் டேவிட்டிலேயே இதே கோளாறு நடந்தது. புகைப்படங்களுக்கு முந்தைய நாள் பின்னிரவு, மேற்குக் கரையில் புதிய குடியேற்றங்களை நிறுத்துவது பற்றிப் பெகினும் கார்ட்டரும் பேசினார்கள். பாலஸ்தீன சுயாட்சி குறித்த பேச்சுவார்த்தை நடக்கும் காலம் முழுவதும் நிறுத்தம் என்று கார்ட்டர் எடுத்துக்கொண்டார். மூன்று மாதம் என்றுதான் சொன்னேன் என்றார் பெகின். அவர் அனுப்பிய கடிதமும் அதைத்தான் சொன்னது. யாரும் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. களைத்துப்போன இருவர், நல்லெண்ணத்தில், ஆளுக்கொரு வாக்குறுதியோடு எழுந்து போனார்கள். பெகினின் ஒவ்வொரு சொல்லும் எல்லைக்கோடு என்று படித்து வந்திருந்த கார்ட்டர், அந்த ஓர் இரவில் அதை மறந்தார்.

சீனாய் பற்றிய பகுதியில் எல்லாம் எழுத்தில் இருந்தது. எதிரெதிரே இரண்டு தலைவர்கள் இருந்தார்கள். 1979 மார்ச்சில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1982 ஏப்ரலில், தாபா என்ற சிறு பகுதி நீங்கலாக, இஸ்ரேல் வெளியேறியது. சதாத் அதைப் பார்க்கவில்லை. 1981 அக்டோபரில் சொந்த ராணுவத்தினரால் கொல்லப்பட்டார். மேற்குக் கரை, காசா பற்றிய பகுதிக்கு அந்தப் பதின்மூன்று நாட்களில் ஒரு பாலஸ்தீனரும் உள்ளே இல்லை. அவருடைய பேரப்பிள்ளைகளின் பெயரை யாரும் கேட்கவில்லை; அவர் ஊருக்குப் போய் என்ன சொல்வார் என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரிடம்தான் ஒத்துணர்வு பாய்கிறது; கதவுக்கு வெளியே நிற்பவரைப் பற்றி அறையில் இருப்பவர்கள் எளிதில் சமாதானமாகிவிடுகிறார்கள். சுயாட்சிப் பேச்சுவார்த்தை சில ஆண்டுகள் இழுத்து, ஒன்றுமில்லாமல் முடிந்தது. அன்று மேற்குக் கரையில் சில ஆயிரமாக இருந்த யூதக் குடியேறிகளின் எண்ணிக்கை, கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமலேயே, இன்று ஏறத்தாழ 5 லட்சம்.